கதைக்கும் உண்டு வம்சாவளி

பாட்டி வேடத்தில் படுத்திருக்கும் ஓநாய், ஏமாந்து நிற்கும் சிவப்புத் தொப்பிச் சிறுமி. இந்த ஐரோப்பியக் கதையின் பூர்வீகம் சீனாவாக இருக்குமோ என்று ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து உண்டு. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜாம்ஷித் தெஹ்ரானி, உயிரினங்களின் வம்சாவளியைக் கணிக்கும் முறையையே கதைகளுக்கும் பயன்படுத்தினார். பல நாடுகளின் 58 கதை வடிவங்கள், 72 கூறுகள். மாட்டிக்கொள்வது ஒரு குழந்தையா, பலரா? வில்லன் ஓநாயா, புலியா? கடைசியில் தப்பிக்கிறார்களா? எல்லாம் கணினிக்குள் போயின.

2013இல் முடிவு வெளிவந்தது. சீனா உள்ளிட்ட கிழக்காசியாவில் வழங்கும் ‘புலிப் பாட்டி’ கதை, சிவப்புத் தொப்பிக் கதையின் மூலக்கதை அல்ல. சிவப்புத் தொப்பிக் கதையும், ‘ஓநாயும் ஆட்டுக்குட்டிகளும்’ என்ற இன்னொரு கதையும் கலந்து அது பிறந்தது என்கிறார் தெஹ்ரானி. ஆப்பிரிக்கக் கதைகளோ ஆட்டுக்குட்டிக் கதையின் கிளையிலேயே சேர்ந்தன. வாய்மொழிக் கதைகளுக்கு ஏடும் கல்வெட்டும் ஏது? அந்தக் குறையை ஈடுகட்ட இந்த முறை பெரிய துணை. ஆப்பிரிக்கக் கதைகளோ ஆட்டுக்குட்டிக் கதையின் கிளையிலேயே சேர்ந்தன.