தானே விழுந்த விசை

புதுவையினின்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், காலாப்பட்டைக் கடந்ததும் கனகசெட்டிக்குளம் என்னும் கடலோர ஊர் வரும். அங்கு யான் குடியிருந்த வீட்டில், ஓர் ஐப்பசித் திங்களில், மின்சாரக் காப்பு விசை தானே விழத் தொடங்கிற்று. நண்பகலில் விழாது, விடியற்காலையில் மாவரைக்கும் கிரைண்டரை ஓட்டினால் உடனே விழும். கிரைண்டரே குற்றவாளி என்று முடிவு செய்து பழுது பார்க்க அனுப்பினோம். "இதில் குறை ஒன்றும் இல்லை" என்று அது திரும்பி வந்தது. அயலார் ஒருவர், "அந்த விசையைக் கழற்றிவிட்டு நேரே இணைத்துவிடுங்கள்" என்றார்.

அவ்விசையின் தொழிலை அறிந்தோர் அதற்கு உடன்படார். ஒரு கம்பியின் வழியே வீட்டினுள் வரும் மின்னோட்டம், நியூட்ரல் என்னும் மற்றொரு கம்பியின் வழியே முழுதும் திரும்புதல் வேண்டும். மின்பணியாளர் ஆர்.சி.சி.பி. என்று வழங்கும் இவ்விசை, வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்கனைப் போல, இரண்டையும் இடையறாது ஒப்பிடுகிறது. குறைவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. 60 வாட் குண்டு பல்பு ஏற்கும் மின்னோட்டத்தில் இஃது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. ஆயினும், குறைந்த அப்பங்கு மனிதர் உடலின் வழியே சில நொடிகள் பாயுமாயின் உயிருக்கே இடராகும்.

மின்பணியாளரை விடியலிலேயே வரவழைத்தோம். அவர் எல்லாக் கருவிகளையும் அணைத்ததோடு நில்லாமல், பிளக்குகளையும் பிடுங்கினார். பொதுவாகச் சுவரிலுள்ள சுவிட்சு ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தே இருக்கும். பின்னர்க் கிரைண்டரை மட்டும் ஓட்டினார், விசை விழுந்தது. வாயில் விளக்குக்குச் செல்லும் கம்பிகள் இரண்டையும் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டினார், விழவில்லை!

விளக்கோ அணைந்திருந்தது. அணைந்த விளக்கு எவ்வாறு குற்றம் செய்யும்? அதன் நியூட்ரல் கம்பியின் உறை தேய்ந்து, மண்ணில் ஊன்றிய இரும்புக் குழாயை ஒட்டிக் கிடந்தது. கடற்காற்று அவ்விடத்தில் உப்பைப் படியவிட்டிருந்தது. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. ஈர உப்போ மின்சாரத்தைக் கடத்தும். வெயிலில் காய்ந்திருந்த வழி, இரவின் ஈரத்தில் திறந்துகொண்டது. கிரைண்டரினின்று திரும்பிய மின்னோட்டத்தில் ஒரு கூறு, விசைக்குத் திரும்பாமல் அவ்வழியே மண்ணுக்குள் இறங்கிற்று. கணக்கு உதைத்தது, விசை விழுந்தது.

பிளக்குகளை எல்லாம் பிடுங்கிய பின்னும் விசை நில்லாதாயின், பழுது பெரும்பாலும் சுவரினுள் ஓடும் கம்பிகளிலோ இத்தகைய வெளிவிளக்குகளிலோ இருக்கும். அதனைத் தேர்ந்த மின்பணியாளரே தொடல் வேண்டும். எங்கள் வீட்டில் அவர் கம்பியை மாற்றி, இணைப்பை நீர் புகாத பெட்டிக்குள் அடக்கினார். மறுநாள் விடியலில், பழி நீங்கிய கிரைண்டர் மாவு அரைத்தது.