நெல்லுக்குக் கவசமாகும் பூண்டுப் புரதம்: ஆய்வகத்தில் வெற்றி, வயலுக்கு வழி எங்கே?

கொல்கத்தா: பூண்டின் மரபணுவைக் கொண்டு நெற்பயிரைத் துங்ரோ நோயிலிருந்து காக்க இயலும் என கொல்கத்தா போஸ் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 2006-ஆம் ஆண்டிலேயே ஆய்வில் காட்டினர். ஆயினும் இத்தகைய நெல் இன்றுவரை உழவரின் வயலை எட்டவில்லை.

இரு வைரஸ்கள் சேர்ந்து உண்டாக்கும் துங்ரோவைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது. நோய் கண்ட பயிர் குட்டையாகி, இலைகள் மஞ்சளாகி, விளைச்சல் குன்றும்.

போஸ் நிறுவனத்தின் சம்பா தாஸ் தலைமையிலான குழு, தில்லிப் பல்கலைக்கழகத்தின் இந்திரனீல் தாஸ்குப்தாவுடன் இணைந்து மாற்று வழியை நாடியது. பூண்டு இலையிலுள்ள லெக்டின் என்ற புரதத்தை நெல்லே உற்பத்தி செய்யுமாறு செய்தது. சாற்றை உறிஞ்சும் பூச்சியின் குடலில் இப்புரதம் ஒட்டிக்கொள்வதால் பூச்சி நலிகிறது. நோய் பரவலும் குறைகிறது.

வைரஸை நேரடியாகத் தாக்கும் முயற்சிகளும் உண்டு. எதிர்ப்பொருளைச் செடிக்குள்ளேயே உருவாக்கி வைரஸைத் தடுக்கலாம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 1993-இல் புகையிலை இனச் செடியில் காட்டினர். 2023-இல் பிரிட்டனின் செயின்ஸ்பரி ஆய்வகம், ஒட்டக இன விலங்குகளின் எதிர்ப்பொருள் துண்டை நெல்லின் நோயுணர் புரதத்துடன் இணைத்து, சோதனைக்கென மாற்றிய வைரஸை இத்தகைய செடியில் தடுத்தது.

அனுமதிச் சிக்கல்

இவை அனைத்தும் அயல் மரபணுவைச் சார்ந்தவை. மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு மத்திய அரசு 2022 மார்ச்சில் அளித்த விலக்கு, அயல் மரபணு இல்லாதவற்றுக்கு மட்டுமே பொருந்தும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரு நெல் ரகங்கள் அவ்வழியில் வந்தவை. பூண்டு மரபணு நெல்லோ, மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் முழுப் பரிசோதனையையும் கடந்தாக வேண்டும். வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளதால், மாநிலங்களின் இசைவும் முக்கியமாகிறது.

பி.டி. கத்தரி குறித்த பொது விசாரணை 2010 ஜனவரியில் கொல்கத்தாவில்தான் தொடங்கியது. அடுத்த மாதமே அதற்குத் தடை விதிக்கப்பட்டது. மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். எனினும் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

நுகர்வோரின் பாதுகாப்பு குறித்த ஐயம் புறந்தள்ளத்தக்கதன்று. அதே வேளையில், பொதுப் பணத்தில் நடந்த ஆய்வை ஏற்பதா, மறுப்பதா என்று சொல்லாமலே காலங்கடத்துவதும் கொள்கையாகாது. பூச்சிமருந்துச் செலவைச் சுமக்கும் உழவருக்கு அந்த விடை தேவை.