தலச்சேரி வழி வந்த கேக்

மார்கழி பிறந்தால் எங்கள் கீழப்பழுவூர் பேக்கரியில் பிளம் கேக் அடுக்கிவிடுவார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகும் தோழி வீட்டிலிருந்தும் எனக்கு ஒரு பங்கு வரும்.

பிரிட்டனில் கிறிஸ்துமஸுக்கான இந்த ஏற்பாடு நவம்பரிலேயே தொடங்கிவிடும். உலர்திராட்சையைப் பிராந்தியில் ஊறவைப்பார்கள். கேக்கோடு செய்யும் புட்டிங்கின் கலவையைக் குடும்பமே கூடிக் கிளறும். கிளறும்போது ஆளுக்கொரு வேண்டுதல். உள்ளே வெள்ளிக்காசு ஒன்றைப் போடுவார்கள். அது யார் தட்டில் விழுகிறதோ, அவருக்கு அதிர்ஷ்டம்.

அந்தக் கேக் நம் பக்கம் வந்ததற்குக் கேரளத்தின் தலச்சேரியில் சொல்லும் வரலாறு இது. 1883இல் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன், இங்கிலாந்துக் கேக்கைக் காட்டி அதுபோலச் செய்யச் சொன்னார். பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபு, பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலியும் சேர்ந்த உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றினார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். பிரவுனுக்கும் பிடித்துப்போனது.

எங்கள் அரியலூர் மாவட்டத்திலும் முந்திரிக்காடுகள் உண்டு. கொட்டையை எடுத்ததும் பழத்தை எறிந்துவிடுகிறோம். நம் பேக்கரிக்காரர்கள் அதன் சாற்றில் திராட்சையை ஊறவைத்துப் பார்க்க வேண்டும்.