ஒரு படகும் மூன்று நண்பர்களும் ஒரு நாயும்

சிரிக்கவைக்கும் நூல்களை நாம் விரும்பிப் படிக்கிறோம். ஆனால், இலக்கியம் என்று பேச வந்துவிட்டால் அவற்றை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறோம். துயரம் கனமானது, சிரிப்பு இலேசானது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. வானொலியில் இந்தத் தொடரைக் கேட்டுவரும் நேயர்களும் இங்கே இதனைப் படித்துவரும் வாசகர்களும், இதுவரை கனமான நூல்களைப் பற்றியே நான் பேசிவந்ததை அறிவார்கள். இவ்வாரம் வேண்டுமென்றே ஓர் இலேசான நூலை எடுத்துக்கொள்கிறேன். ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய ‘படகில் மூவர்’ என்ற ஆங்கில நூல் அது. 1889ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்’ என்ற பொருள்படும் துணைத்தலைப்பும் அதற்கு உண்டு.

கதை என்று சொல்வதற்கு இதில் அதிகமில்லை. லண்டனில் வாழும் மூன்று இளைஞர்கள். கதை சொல்பவர் ஜே., மற்ற இருவர் ஹரிஸ், ஜோர்ஜ். தங்களுக்கு உடல்நலம் சரியில்லை என்று மூவரும் நம்புகிறார்கள். ஜே. பிரிட்டிஷ் நூதனசாலையின் வாசிகசாலைக்குச் சென்று மருத்துவ நூலொன்றைப் புரட்டுகிறார். அகரவரிசைப்படி படித்துக்கொண்டு போனவருக்கு எல்லா நோய்களும் தமக்கு இருப்பதாகத் தெரிகிறது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு முழங்காலில் வரும் வீக்கம் ஒன்றுதான் இல்லை. அது ஏன் தமக்கு மாத்திரம் மறுக்கப்பட்டது என்று அவருக்கு மனத்தாங்கல்! முடிவில், வேலைப்பளுவே எல்லாவற்றுக்கும் காரணம் எனத் தீர்மானித்து, இரண்டு வாரம் தேம்ஸ் நதியில் படகுப் பயணம் செய்யப் புறப்படுகிறார்கள். கிங்ஸ்டனிலிருந்து ஒக்ஸ்போர்ட்வரை ஆற்றை எதிர்த்துத் துடுப்பு வலித்துப் போய்த் திரும்புவது திட்டம். மொன்ட்மொரென்ஸி என்ற நாயும் கூடவே வருகிறது.

பயணம் நதியில் தொடங்குமுன்பே தகராறு தொடங்கிவிடுகிறது. வோட்டர்லூ புகையிரத நிலையத்தில் கிங்ஸ்டன் செல்லும் வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று எவருக்குமே தெரியாது. ஈற்றில் ஓர் எஞ்ஜின் சாரதியின் கையில் அரைக் கிரவுண் நாணயத்தை வைத்து, தயவுசெய்து கிங்ஸ்டன் வண்டியாக இருக்கும்படி அவரை மன்றாடிக் கேட்கிறார்கள். அவரும் இணங்குகிறார். தாங்கள் ஏறிவந்தது உண்மையில் எக்ஸிற்றர் செல்லவேண்டிய தபால் வண்டி என்பதும், அதனை வோட்டர்லூவில் மணிக்கணக்காகத் தேடினார்கள் என்பதும் பின்னர்தான் தெரியவருகிறது.

இந்த நூல் நம்மை எப்படிச் சிரிக்கவைக்கிறது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் அதற்கு நிலைக்களன் என்றார். ஜெரோமின் நூலில் நான்கும் உண்டு. ஆனால், எள்ளலுக்கு ஆளாகிறவர்களில் முதல்வர் கதை சொல்பவரே. தான் ஒருவனே வேலை செய்வதாகவும் மற்ற இருவரும் சோம்பேறிகள் என்றும் ஜே. நம்புகிறார். ஹரிஸ் தன்னைப் பற்றி அப்படியே நம்புகிறார். ஜோர்ஜும் அப்படியே. மூவரும் முழு மனதோடு இதைச் சொல்வதில்தான் வேடிக்கை பிறக்கிறது. பொய்யன் சொல்லும் பொய்யைவிட, தன்னைத் தான் அறியாதவன் சொல்லும் உண்மை அதிகம் சிரிப்பூட்டும். இந்த இரகசியத்தை ஜெரோம் நன்கு அறிந்திருந்தார்.

இரண்டாவதாக, உயிரில்லாப் பொருள்கள் இங்கே எதிரிகளாகிவிடுகின்றன. தேநீருக்காக அடுப்பில் வைத்த கேத்தல், நாம் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தால் கொதிக்கவே கொதிக்காதாம். அதற்குக் கேட்கும்படியாக, ‘எனக்குத் தேநீர் வேண்டாம், உனக்கும் வேண்டாம்தானே’ என்று உரத்துப் பேசிக்கொள்ள வேண்டுமாம். உடனே அது பொங்கி வழியுமாம். அன்னாசிப்பழத் தகரப்பேணியின் கதை இன்னும் பிரசித்தமானது. பேணி இருக்கிறது, திறப்பான் இல்லை. ஹரிஸ் பேனாக்கத்தியால் முயன்று கையை வெட்டிக்கொள்கிறார். ஜோர்ஜ் கத்தரிக்கோலால் முயன்று கண்ணைப் பறிகொடுக்கப் பார்க்கிறார். ஜே. படகுக் கொக்கியால் குத்தப்போய்ச் சேற்றுத் தண்ணீரில் விழுகிறார். பிறகு கரைக்குக் கொண்டுபோய்க் கல்லை வைத்துப் பாய்மரத் தண்டால் அடிக்கிறார்கள். ஜோர்ஜின் உயிரைக் காப்பாற்றியது அவர் தலையிலிருந்த வைக்கோல் தொப்பி. கேத்திரகணிதத்திலுள்ள எல்லா வடிவங்களுக்கும் பேணி நசுங்குகிறது, ஆனால் ஓட்டை மாத்திரம் விழவில்லை. கடைசியில் அதனை நடு ஆற்றில் எறிந்துவிட்டு, சபித்துக்கொண்டே படகை வலிக்கிறார்கள். வீட்டில் எப்போதாவது ஒரு பேணியோடு மல்லுக்கட்டியவர் எவரும் இப்பகுதியைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது.

மூன்றாவதாக, கிளைக்கதைகள். ஆற்றில் ஒரு வளைவு வந்தால் ஜெரோமுக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வரும். சுவரில் ஒரு படத்தை மாட்ட முனைந்து, சுத்தியல் எடுக்க ஒருவர், ஆணி வாங்க ஒருவர், ஏணி பிடிக்க ஒருவர் என்று வீட்டார் எல்லோரையும் ஓடவைத்து, நள்ளிரவில் அதைக் கோணலாக மாட்டிவிட்டுப் பெருமையோடு நிற்கும் பொட்ஜர் மாமாவை இப்படித்தான் நாம் சந்திக்கிறோம். ஹம்டன் கோர்ட் மாளிகைத் தோட்டத்திலுள்ள புதிர்வழி மிகவும் சுலபமானது என்று சொல்லி, வழி தெரியாது தவித்த கூட்டத்துக்கெல்லாம் தலைமை தாங்கிய ஹரிஸ், தாமும் தொலைந்து, மீட்க வந்த இளங்காவலாளியும் தொலைந்துபோன கதையும் அப்படியே. கதை வழிதவறிப் போவதாகத் தோன்றும். உண்மையில், அவசரம் எதுவுமில்லாத ஓர் ஆற்றின் போக்கே இந்நூலின் அமைப்பு.

இதனை நூலாசிரியர் திட்டமிட்டுச் செய்தாரா என்றால், இல்லை என்பதே பதில். 1888ஆம் ஆண்டு ஜெரோம் திருமணம் செய்து, தேனிலவைத் தேம்ஸ் நதியில் ஒரு சிறு படகில் கழித்தார். திரும்பி வந்ததும் எழுத உட்கார்ந்தார். தேம்ஸ் நதியின் இயற்கை அழகையும் கரையோர ஊர்களின் வரலாற்றையும் கூறும் நூல் ஒன்றையே எழுத எண்ணினார். நகைச்சுவை ஆங்காங்கே சற்று இளைப்பாறுவதற்கு மாத்திரம். ஆனால் சிரிப்பு வளர்ந்துகொண்டே போயிற்று. ‘ஹோம் சைம்ஸ்’ என்ற சஞ்சிகையில் தொடராக வெளியிட்ட ஆசிரியர் எஃப். டபிள்யூ. ரொபின்சன், வரலாற்றுப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டார். தப்பிய சில பகுதிகள் நூலில் இன்னும் இருக்கின்றன. மக்னா காட்டா சாசனம் முத்திரையிடப்பட்ட ரன்னிமீட் பற்றிய பகுதி அவற்றுள் ஒன்று. பாத்திரங்களும் கற்பனையல்ல. ஜோர்ஜ் என்பவர் வங்கியில் பணிபுரிந்த ஜோர்ஜ் விங்ரேவ். ஹரிஸ் என்பவர் அச்சுத்துறையைச் சேர்ந்த கார்ல் ஹென்ட்ஷெல். இருவரும் ஜெரோமின் உற்ற நண்பர்கள். மனைவியோடு போன தேனிலவுப் படகில் அவர் நண்பர்களை ஏற்றிவிட்டார். நாய் ஒன்றுதான் முழுக் கற்பனை.

மக்கள் நூலை ஆவலோடு வாங்கினார்கள். விமர்சகர்களோ முகம் சுளித்தார்கள். ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை ஏடு ஜெரோமுக்கு ‘அரி கே. அரி’ என்று பட்டப்பெயர் சூட்டியது. ‘ஹரி’ என்ற பெயரை முதலெழுத்தை விழுங்கி ‘அரி’ என்று உச்சரிப்பவர்கள் லண்டனின் கீழ்த்தட்டு இளைஞர்கள். ஆக, அவர்களுக்கு உறுத்தியது எழுத்தல்ல, எழுதியவரின் சாதாரண மக்கள் பேச்சு. இதன் பின்னணி மனங்கொள்ளத்தக்கது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்தில் சாதாரண குடும்பத்துப் பிள்ளைகள் பெருமளவில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1871ஆம் ஆண்டுச் சட்டம் வங்கி விடுமுறை நாட்களைத் தந்தது. சனிக்கிழமை அரைநாள் ஓய்வும் பரவியது. புகையிரதத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் ஆற்றங்கரை. இவ்வாறு எழுதுவினைஞர்களும் கடைச் சிப்பந்திகளும் தேம்ஸ் நதிக்கு வந்தார்கள். அதுவரை சீமான்களின் உல்லாசமாக இருந்த ஒன்றில் அவர்களும் பங்கு கேட்டார்கள். நூலிலேயே ஒரு காட்சி வருகிறது. கரையில் இருந்து உணவருந்தும் நண்பர்களிடம் ஒருவன் வந்து, இது தனியார் நிலம், அத்துமீறி நுழைந்திருக்கிறீர்கள் என்று மிரட்டிக் காசு பறிக்கப் பார்க்கிறான். ஆறு யாருடையது என்ற கேள்வி அந்தப் பகிடிக்குள் ஒளிந்திருக்கிறது.

ஜெரோமுக்கு இக்கேள்வி புதிதல்ல. 1859இல் வோல்சோல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் சுரங்கத் தொழிலில் பணத்தை இழக்க, குடும்பம் கிழக்கு லண்டனின் வறிய பகுதிக்கு வந்து சேர்ந்தது. வாலிபத்தை எட்டுமுன் பெற்றோர் இருவரையும் இழந்து, பள்ளிப் படிப்பை விட்டுப் புகையிரதக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். தண்டவாள ஓரங்களில் விழும் நிலக்கரியைச் சேகரிப்பதும் அவரது வேலைகளில் ஒன்று. பின்னர் நடிகர், ஆசிரியர், சட்டத்தரணியின் எழுதுவினைஞர் எனப் பல தொழில்கள் பார்த்தார். ஓய்வு என்பதன் விலையை அறிந்த ஒருவர்தான் ஓய்வைப் பற்றி இவ்வளவு ஆனந்தமாக எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சான்றாக நூலில் ஓர் இடம் உண்டு. சிரித்துக்கொண்டே வரும் வாசகர் பதினாறாம் அத்தியாயத்தில் திடீரென நின்றுவிடுவார். கோரிங் என்ற ஊருக்கு அண்மையில், நீரில் ஏதோ கறுப்பாக மிதந்து வருகிறது. ஜோர்ஜ் குனிந்து பிடிக்கிறார். அது ஒரு பெண்ணின் சடலம். காதலித்தாள், ஏமாற்றப்பட்டாள், குழந்தை பிறந்தது, உறவினர் கதவை மூடினார்கள். வாரம் பன்னிரண்டு ஷிலிங் கூலி. அதில் ஆறு ஷிலிங் குழந்தைக்கு. எஞ்சிய ஆறில் உயிரைத் தாங்க முடியவில்லை. ஒரு காலத்தில் மகிழ்ச்சியாக உலாவிய அதே ஆற்றங்கரைக்கு வந்து தன் துயரத்தை நீரிடம் ஒப்படைத்துவிட்டாள். ஜெரோம் இதனைச் சொல்லிவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறார். அடுத்த அத்தியாயத்தில், நண்பர்கள் ஆற்றில் உடுப்புத் தோய்க்க, ஆற்றின் அழுக்கெல்லாம் உடுப்பில் ஏறி ஆறு சுத்தமாகிவிடுகிறது!

இந்தச் சடலக் காட்சி நூலின் தொனிக்குப் பொருந்தவில்லை என்று கருதுவோர் உண்டு. எனது கருத்து வேறு. இதே நதி, இதே விடுமுறைக் காலம். மூவருக்கு இரண்டு வாரச் சுதந்திரம், ஒருத்திக்கு ஆறு ஷிலிங். அந்தக் காட்சி இல்லாவிட்டால் நூல் வெறும் வேடிக்கைத் தொகுப்பாகியிருக்கும். அது இருப்பதால், மூவரின் சிரிப்பு எத்தனை மெல்லிய பலகையின்மேல் மிதக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. ஆசிரியர் பிரசங்கம் செய்யவில்லை. பக்கத்தைத் திருப்பிச் சிரிப்புக்குப் போகும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சமே அவரது வெற்றி.

பின்னாளில் ஜெரோம் பலவகை நூல்கள் எழுதினார். இதே மூவரை ஜேர்மனிக்கு சைக்கிள் பயணம் அனுப்பி 1900இல் ஒரு நூல் எழுதினார். ‘போல் கெல்வர்’ என்ற, தம் இளமையைத் தழுவிய நாவல் 1902இல் வந்தது. முதல் உலகப் போரில் வயது காரணமாக ஆங்கிலப் படை அவரை ஏற்காதபோது, பிரெஞ்சுப் படைக்கு அம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். 1927இல் காலமானார். ஆயினும் உலகம் அவரைப் படகில் வந்தவராகவே ஞாபகம் வைத்திருக்கிறது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நூல் அச்சில் இருக்கிறது.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், அதனால் சுவை குன்றாது. ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பும் வழியில் மழை விடாது பெய்கிறது. எது வந்தாலும் படகைக் கைவிடுவதில்லை என்று மூவரும் சபதம் செய்கிறார்கள். பாங்போர்ன் என்ற இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். சிறிது நேரத்தில் படகு தனியே நிற்கிறது. மூவரும் நாயும் பதுங்கிப் பதுங்கிப் புகையிரத நிலையத்தை நோக்கிப் போகிறார்கள். அன்றிரவு லண்டன் உணவகமொன்றில் வயிறாரச் சாப்பிட்டபின், படகைவிட்டுத் தப்பிவந்ததற்காக ஹரிஸ் கிண்ணத்தை உயர்த்துகிறார். யன்னலோரம் பின்னங்கால்களில் நின்று இருளையும் மழையையும் பார்த்த மொன்ட்மொரென்ஸி, சுருக்கமாக ஒருமுறை குரைத்து அதை ஆமோதிக்கிறது.

ஆங்கிலம் வாசிக்கக்கூடிய அன்பர்கள் இந்நூலை மூலத்திலேயே படிக்க வேண்டும். நடை எளிமையானது, அகராதி அதிகம் தேவைப்படாது. சத்தமாக வாசித்து, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். பதினாறாம் அத்தியாயம் வரும்போது மாத்திரம் சற்று மெதுவாக வாசியுங்கள்.