போர்ஷன் முடிந்தால் போதுமா?

செமஸ்டர் பாதியைத் தாண்டியதும் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்கு எத்தனை யூனிட் முடிஞ்சுது?" ஆசிரியர் எதுவரை நடத்தியிருக்கிறார் என்பதை இந்தக் கேள்வி அளந்துவிடும். மாணவருக்கு என்ன வந்திருக்கிறது என்பதை அளக்க அதற்கு வழியில்லை. பாடத்தை எப்படி வடிவமைப்பது என்று உலகெங்கும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் யோசிப்பதெல்லாம் இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதற்காகத்தான். இதை விளக்க கொல்கத்தாவை எடுத்துக்கொள்கிறேன். இந்த நோய் வேர்விட்ட இடங்களில் அதுவும் ஒன்று. மருந்தைத் தேடிய இடமும் அதுவே.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. அப்போதைய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அவற்றுக்குச் சொந்த வகுப்பறை கிடையாது. பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, பட்டம் கொடுப்பது ஆகியவைதான் அவற்றின் வேலை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. அதாவது பாடத்தை வகுப்பவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர், திருத்துபவர் மூன்றாவது ஆள். நடுவில் நிற்கும் ஆசிரியருக்குப் போர்ஷனை முடிப்பதைத் தவிர என்ன மிஞ்சும்? கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய 1917இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கற்பித்தல் முழுவதும் தேர்வின் பிடியில் கிடக்கிறது என்று அந்தக் குழு 1919இலேயே விரிவாக எழுதிவைத்தது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் இணைப்புக் கல்லூரிகளில் நிலைமை பெரிதாக மாறவில்லை.

ஆனால் அதே ஊரில் ஒரு கல்வி நிறுவனம் பாடத்தைத் தலைகீழாக வகுத்துப் பார்த்தது. கொல்கத்தாவின் வடக்கே, பாராக்பூர் டிரங்க் ரோட்டில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அது. கல்கத்தா மாநிலக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1931இல் அதை நிறுவினார். நாடாளுமன்றம் 1959இல் இயற்றிய சட்டம் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைத் தர, 1960இல் பி.ஸ்டாட், எம்.ஸ்டாட் படிப்புகள் தொடங்கின. புள்ளியியலில் பட்டப்படிப்பு என்றால் கணிதத்தையும் நிகழ்தகவையும் ஆறேழு தாள்களாகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். அவர்கள் முதலில் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டார்கள்: படித்து முடித்த புள்ளியியலாளர் என்ன வேலை செய்யப்போகிறார்? சணல் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் போய், அங்கே இருக்கும் நிபுணரோடு உட்கார்ந்து தரவு திரட்டப்போகிறார். அப்படியானால் அந்த நிபுணர் பேசுவது இவருக்குப் புரிய வேண்டும். ஆகவே இயற்பியல், உயிரியல், நிலவியல், பொருளாதாரம் போன்றவையும் பாடத்துக்குள் வந்தன.

பாடத்தை உருவாக்கியதில் பிரிட்டனிலிருந்து 1957இல் கல்கத்தாவுக்குக் குடிவந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனுக்கும் பங்கு உண்டு. விலையுயர்ந்த கருவி இல்லை என்று கைகட்டி உட்காரக் கூடாது, சுற்றிலும் இருப்பதை எண்ணத் தொடங்கு என்பது அவர் கற்பித்த முறை. அவருடன் பணியாற்றிய சுபோத் குமார் ராய், வங்காளிகள் 'ஷியுலி' என்று சொல்லும் பவழமல்லியை எடுத்துக்கொண்டார். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை இதழ் என்று எண்ணினார். எல்லாப் பூவிலும் ஒரே எண்ணிக்கை இருப்பதில்லை. மரத்துக்கு மரம் மாறுகிறதா, பருவத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்டால், அதுவே மாறுபாடு என்ற புள்ளியியல் கருத்தின் முதல் பாடம். செலவு ஒரு காகிதமும் பென்சிலும். நம்மூர்க் கல்லூரி வளாகத்திலும் பவழமல்லி இருக்கும். இல்லாவிட்டால் வேம்பும் புங்கும் இருக்கும்.

புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த டைனோசர் எலும்புக்கூடு ஒன்றும் நிற்கிறது. அங்கே இதற்கென்ன வேலை என்று முதலில் தோன்றும். படித்து முடித்தவர் என்ன வேலை செய்யப்போகிறார் என்ற கேள்வியை நினைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

முடிவிலிருந்து தொடங்கிப் பாடத்தை வகுக்கும் இந்த வழியை 1998இல் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு முறையாகவே எழுதி வைத்தார்கள். மாணவர் இறுதியில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்; அது தெரிந்துவிட்டது என்பதற்கு என்ன சான்று என்று அடுத்து தீர்மானி; வகுப்பில் என்ன நடத்துவது என்பதைக் கடைசியில் யோசி. நாம் வழக்கமாக இதற்கு நேர் எதிராகப் போகிறோம். யூனிட்டை நடத்தி முடித்துவிட்டு, அதிலிருந்து என்ன கேள்வி கேட்கலாம் என்று தேடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. பி.ஏ. பொருளாதாரத்தில் 1943 வங்கப் பஞ்சம் ஒரு பகுதியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் காரணங்கள், விளைவுகள், அரசின் நடவடிக்கைகள் என்று மூன்று தலைப்பு. பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை. நோட்ஸைப் பார்த்து மனப்பாடம். முடிவிலிருந்து தொடங்கும் ஆசிரியர் முதலில் கடைசி வேலையை எழுதுவார்: "அரிசி விளைச்சல், விலை, கூலி ஆகியவை அடங்கிய ஓர் அட்டவணை தரப்பட்டுள்ளது. யார் பட்டினி கிடந்தார்கள், ஏன் என்று இரண்டு பக்கத்தில் வாதிடுக." இதைச் செய்ய மாணவருக்கு என்னென்ன தெரிய வேண்டும்? அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட ஆய்வில், 1943இல் வங்கத்தில் இருந்த அரிசி 1941ஐ விட அதிகம்தான் என்று கணக்குக் காட்டினார். வாங்கும் சக்தி சரிந்ததால் நிலமற்ற கூலிகள், மீனவர்கள், முடிதிருத்துவோர் போன்றவர்கள் வீழ்ந்தார்கள் என்பது அவர் வாதம். அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் வகுப்புக்கு வர வேண்டும். பஞ்சத்தின் பின்விளைவுகளைப் பற்றி மகாலனோபிஸ் குழு நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பும் வர வேண்டும். அந்த இரண்டு பக்கத்துக்குத் தேவைப்படாத குறிப்புகளை மனம் இரங்காமல் தள்ளிவிடலாம். பாடத்தை வடிவமைப்பதில் கடினமான பகுதி இந்தத் தள்ளுதல்தான் என்பது என் கருத்து. நமக்குப் பிடித்ததையெல்லாம் சொல்லிவிட ஆசை யாருக்குத்தான் இல்லை?

இனி வகுப்பறை. விளக்கியே தீருவேன் என்று ஐம்பது நிமிடம் பேசுவதற்குப் பதில், பதினைந்து நிமிடம் பேசிவிட்டு ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: "விளைச்சல் போன ஆண்டைப் போலவே இருக்கிறது. அரிசி விலை மூன்று மடங்காகிவிட்டது. கூலி ஏறவில்லை. முதலில் பட்டினி கிடப்பவர் யார்? ஒன்று, சொந்த நிலமுள்ள சிறு விவசாயி. இரண்டு, விளைச்சலில் பங்கு பெறும் வாரதாரர். மூன்று, பணமாகக் கூலி வாங்கும் தினக்கூலி." யாரும் பேசக் கூடாது. ஒரு நிமிடம் யோசித்து, விரலை நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தவரைப் பார்த்துக் கையை உயர்த்தும் பழக்கத்துக்கு இது இடம் தராது. வகுப்பு பிரிந்து நின்றால், "பக்கத்தில் வேறு விரலைக் காட்டியவரிடம் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்" என்று மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு மறுபடி விரல். கடைசியில் ஆசிரியர் பேசட்டும்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. சூத்திரம் போட்டுக் கணக்கைச் சரியாக முடிக்கும் தன் மாணவர்கள், விசை பற்றிய மிக எளிய கேள்விகளில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் அவர் மாறினார். நேற்றுவரை தனக்கே புரியாமல் இருந்த மாணவருக்கு, பக்கத்திலிருப்பவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது நன்றாகத் தெரியும். பல ஆண்டு அதே பாடத்தை நடத்திய ஆசிரியருக்கு அது மறந்துபோயிருக்கும்.

இதனால் உண்மையில் பயன் உண்டா? அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு பதில் சொன்னது. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்கள் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படிப் படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தது தேர்வில் தெரிந்தது. ஆனால் குறைவாகக் கற்றதாகவே அவர்களுக்குத் தோன்றியது. மூளை உழைக்கும்போது கஷ்டமாக இருக்கும். அருமையான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். எனவே முதல் வாரமே மாணவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், "சார் நடத்தவே இல்ல, எங்களையே பேச விட்டுட்டார்" என்ற புகார் துறைத்தலைவரிடம் போகும்.

விரிவுரையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நல்ல ஆசிரியரின் செய்முறை விளக்கம் ஆயுளுக்கும் மறக்காது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1889 முதல் வேதியியல் நடத்திய பிரபுல்ல சந்திர ராய், நன்றாக எரித்துச் சாம்பலாக்கிய எலும்பை வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். இப்போது இது எந்த மிருகத்தின் எலும்பும் இல்லை, வெறும் கால்சியம் பாஸ்பேட் என்று காட்டுவதற்கு. ஆசாரம் மிகுந்த வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அது வேதியியலைத் தாண்டிய பாடம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகழின் உச்சத்திலும் அவர் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துவதையே விரும்பினார். நம் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர் தலையில் விழுகிறது. மூத்த பேராசிரியர்கள் இதை மாற்றலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

நடத்த ஆளே இல்லாத பாடம் என்றால்? அதற்கும் அதே புள்ளியியல் நிறுவனம் முன்மாதிரி. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் அங்கே ஆய்வு மாணவர்களாக இருந்த ஆர். ரங்கா ராவ், கே.ஆர். பார்த்தசாரதி, வி.எஸ். வரதராஜன், எஸ்.ஆர். சீனிவாச வரதன் ஆகியோர் நிகழ்தகவில் அன்று புதிதாக வந்துகொண்டிருந்தவற்றைக் கருத்தரங்குகளில் ஒருவருக்கொருவர் நடத்திக் கற்றார்கள். கடைசி மூவரும் சென்னையில் பட்டப்படிப்பை முடித்துப் போனவர்கள். வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ரஷ்யக் கணித மேதை கொல்மோகரோவும் ஒருவர். 2007இல் வரதனுக்குக் கணிதத்துக்கான ஏபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் ஏபல் கிடைக்காது. ஆனால் வாரம் ஒரு மணி நேரம் மாணவர் ஒருவர் கரும்பலகை முன் நின்று, மற்றவர்கள் கேள்வி கேட்கும் ஏற்பாட்டை எந்தத் துறையும் செய்யலாம்.

"பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, வினாத்தாளும் அங்கிருந்துதான் வருகிறது, நான் என்ன செய்ய?" என்று இணைப்புக் கல்லூரி ஆசிரியர் கேட்பது நியாயம். ஆனால் இன்டர்னல் மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது. அதை இன்னும் இரண்டு சிறு எழுத்துத் தேர்வுகளாகவும், இணையத்திலிருந்து நகலெடுக்கும் அசைன்மென்டாகவும் வீணாக்க வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. இந்தியாவிலேயே முதன்முதலாக 1978இல் தன்னாட்சி பெற்றவை தமிழ்நாட்டுக் கல்லூரிகள். பாடத்திட்டக் குழுவில் உட்காரும் ஆசிரியர்கள் பழைய யூனிட்டுகளை இடம் மாற்றி அடுக்குவதோடு நிற்காமல், "இந்தத் தாளை முடித்தவர் என்ன செய்வார்?" என்ற கேள்வியை அங்கே எழுப்ப வேண்டும்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டரில் ஐந்து யூனிட்டையும் மாற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்குமுன் அதன் கடைசி வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். அதை முதல் நாளே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.