வேம்பு சொன்ன பெயர்: சமூக ஊடகத்தில் ஆசிரியரும் அந்தரங்கமும்

ஆசிரியர் பணி பலர் பார்வையில் நடைபெறும் பணியாகும். வகுப்பறையில் மாணவரும், பள்ளியில் உடன் பணியாற்றுவோரும், வெளியில் பெற்றோரும் ஆசிரியரைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றனர். இது புதியதன்று. ஆயினும், முன்னாளில் இடமும் நேரமும் அப்பார்வைக்கு எல்லை வகுத்திருந்தன. ஈரச்சந்தையில் ஒரு மாணவனின் தாயாரைக் காண நேர்ந்தால், நலம் விசாரித்து இரண்டொரு சொற்கள் பேசிப் பிரிவோம். அவர் நம் வீட்டுப் படங்களைப் புரட்டிப் பார்த்ததில்லை. நாம் நண்பரோடு பேசிய வேடிக்கைப் பேச்சைக் கேட்டதுமில்லை.

சமூக ஊடகம் இவ்வெல்லைகளை அழித்துவிட்டது. முகநூலில் ஆசிரியர் இடும் ஒரு பதிவை அவருடைய உறவினர், பழைய மாணவர், இந்நாள் மாணவரின் தந்தையார், பள்ளி முதல்வர் ஆகிய அனைவரும் ஒரே வேளையில் படிக்க இயலும். ஒருவருக்கு ஏற்ற சொல் மற்றவர்க்கும் ஏற்றதாக இருக்கும் என்பதில்லை. எனவே, ஆசிரியர் சமூக ஊடகத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொண்டே தம் அந்தரங்கத்தையும் மாணவரின் அந்தரங்கத்தையும் காப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

விலகி நிற்பது விடையாகுமா?

தொல்லை வேண்டா என்று சமூக ஊடகத்தையே துறந்துவிடலாம் என ஆசிரியர் சிலர் கருதுகின்றனர். அஃது அவர்தம் உரிமை. ஆயினும், தமிழாசிரியர் அனைவரும் அவ்வாறு விலகினால் இழப்பு மொழிக்கே. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. வீட்டில் குறைந்துவரும் தமிழை மாணவர் வேறெங்கேனும் கேட்டாக வேண்டும். அவர்கள் நாள்தோறும் பார்க்கும் திரையில் நல்ல தமிழ் இருக்க வேண்டுமானால், அதனை அங்கே கொண்டு சேர்க்கத் தகுதியுடையோர் ஆசிரியரே. ஓர் ஆசிரியர் உருவாக்கிய இலக்கணப் பயிற்சியை மற்றொரு பள்ளி ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்துவதும், சிங்கப்பூர் ஆசிரியரும் மலேசிய ஆசிரியரும் பாட உத்திகளைப் பரிமாறிக்கொள்வதும் இவ்வூடகத்தால் எளிதாகியுள்ளன. ஆதலால், விலகுவது எப்படி என்பதைவிட, வரையறுத்துக்கொண்டு பயன்படுத்துவது எப்படி என்பதே நாம் எண்ண வேண்டிய வினாவாகும்.

அகத்திணை கற்பிக்கும் பாடம்

அந்தரங்கம் என்பது பலரும் எண்ணுவதுபோல் மறைத்து வைப்பது மட்டுமன்று. ஒரு செய்தி எந்த இடத்தில், யாரிடம், எந்த நம்பிக்கையில் சொல்லப்பட்டதோ, அந்த இடத்தின் முறைமைக்கு மாறாக அது வெளியே செல்லாதிருப்பதே அந்தரங்கம். அமெரிக்க அறிஞர் ஹெலன் நிசன்பாம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை விரிவாக நிறுவினார். மாணவன் தன் குடும்ப வறுமையை ஆசிரியரிடம் சொல்வதும், ஆசிரியர் அதனைப் பள்ளி ஆலோசகரிடம் தெரிவிப்பதும் முறையே. அதே செய்தி, பெயரில்லாமலேனும், ஆசிரியரின் முகநூலில் நெகிழ்ச்சியான பதிவாக வருமானால் முறை பிறழ்ந்துவிடுகிறது.

பெயரைச் சொல்லாவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கிய மரபிலேயே விடை உண்டு. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, தலைவனைப் பிரிந்து வருந்தும் தலைவியைப் பாடுகிறது. அதில் எவர் பெயரும் இல்லை. எனினும், பாசறைக் காட்சியில் வேல் ஒன்றின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாகப் புலவர் நக்கீரர் குறித்துவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பினாலேயே தலைவன் இன்னான் என்பது புலப்பட்டுவிடுவதால், இப்பாட்டு அகமாகாது, புறமே என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இக்கருத்தைப் பின்வந்தோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும், அவர் சுட்டிய உண்மை இன்றைக்கும் பொருந்துகிறது. ஓர் அடையாளம் ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது, பெயர் வேண்டுவதில்லை.

மாணவரின் வேம்பு

இன்றைய பதிவுகளில் வேம்பாக நிற்பவை பல. பள்ளிச் சீருடையின் நிறம், சட்டையிலுள்ள சின்னம், பின்னணியில் தெரியும் புளோக் எண், வகுப்பறைக் கதவிலுள்ள வகுப்பின் பெயர், குறிப்பேட்டின் மேலட்டை, மாணவனின் கையெழுத்து ஆகியவை அவற்றுட் சில. “என் உயர்நிலை இரண்டு வகுப்பில் அண்மையில் தந்தையை இழந்த மாணவி ஒருத்தி” என்று ஆசிரியர் எழுதினால், அப்பள்ளியைச் சேர்ந்தோர்க்கு அம்மாணவி யார் என்பது உடனே விளங்கிவிடும். பாராட்டும் நோக்கில் எழுதியதாயினும், தன் துயரை ஊரறியச் செய்ய அச்சிறுமி இசைந்தாளா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாக் காலத்தில் பேச்சுப் போட்டிப் படங்கள் பெருமளவில் பகிரப்படுகின்றன. வெற்றி பெற்ற மாணவரைக் கொண்டாடுவது நல்லதே. ஆனால், பெற்றோரின் இசைவையும் பள்ளியின் இசைவையும் பெற்றுப் பள்ளியின் அதிகாரபூர்வப் பக்கத்தில் வெளியிடுவது வேறு. ஆசிரியர் தம் சொந்தப் பக்கத்தில் இடுவது வேறு. முன்னதற்கு முறையும் பொறுப்பாளரும் உண்டு. பின்னதில் அப்படம் எங்குச் சென்றது என்பதை எவரும் அறியார். மாணவரின் விடைத்தாளிலுள்ள பிழையை நகைச்சுவைக்காகப் பகிர்வது எந்நிலையிலும் தகாது. பிழை செய்வதற்கு அச்சமற்ற இடம் வகுப்பறை. அங்கே செய்த பிழை வெளியே சிரிப்பாகும் என்று அறிந்த மாணவன் அடுத்த முறை தமிழில் வாய் திறக்கத் தயங்குவான்.

ஆசிரியரின் சொந்த வாழ்வு

ஆசிரியரின் அந்தரங்கமும் இவ்வாறே சிறு அடையாளங்களால் கசிகிறது. வழக்கமாக ஓடும் பூங்காப் பாதை, பிள்ளையின் பள்ளி, வாகன எண், விடுமுறைக்கு வெளிநாடு செல்லும் நாள் ஆகியவை தனித்தனியே சிறியவை. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர்க்கு முழுச்சித்திரம் கிடைத்துவிடும். கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்தினுள் அது எடுக்கப்பட்ட இடமும் நேரமும் பதிந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நண்பர்க்கு மட்டும் என்று வரையறுத்த பதிவும் முழுமையாகக் காவலுடையதன்று. ஒரு நண்பர் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் அவ்வரையறை அன்றே முடிந்துவிடும். எனவே, பழைய பதிவுகளின் பார்வையாளர் வட்டத்தைச் சுருக்குதல், பிறர் நம் பெயரை இணைக்கும் படங்களை நம் ஒப்புதலின்றி நம் பக்கத்தில் காட்டாதவாறு அமைத்தல், நம் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தல் ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளித் தவணையின் தொடக்கத்திலும் செய்வது நலம்.

வாயில்களைப் பிரித்தல்

வீட்டுக்கும் கடைக்கும் ஒரே வாயில் இருந்தால் வருவோர் எதற்கு வருகின்றனர் என்று தெரியாது. ஆசிரியர் தம் தொழிற்பக்கத்தையும் சொந்தப் பக்கத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்பக்கத்தில் பாடம், நூல், மொழி பற்றிய கருத்துகள் இடம்பெறலாம். அதனை எவரும் பார்க்கலாம். சொந்தப் பக்கத்தில் இந்நாள் மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் நண்பராகச் சேர்க்காதிருப்பதை ஒரு பொது விதியாகவே கொள்ளலாம். அனைவர்க்கும் ஒரே விதி என்றால், மறுக்கப்பட்டவர் மனம் நோகார்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோரின் தொலைபேசி எண்கள் மற்ற உறுப்பினர்க்கும் பொதுவாகத் தெரியும். டெலிகிராம் அலைவரிசையிலோ, அதில் சேர்ந்தோர் யாவர் என்பதை நிருவாகி மட்டுமே காண்பார். அறிவிப்புக்குப் பின்னதே ஏற்றது. எனினும், பள்ளிச் செய்திகளுக்கு முதலிடம் பள்ளியின் தளங்களுக்கே. பெற்றோர்க்கு அறிவிக்கப் பேரண்ட்ஸ் கேட்வே செயலியும், பாடம் நடத்தக் கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளமும் உள்ளன. ஆசிரியர் தம் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோர்க்குத் தர வேண்டியதில்லை என்றும், பள்ளி நேரத்திற்குப் பின்னர் வரும் பணிசார்ந்த செய்திகளுக்கு மறுமொழி கூற வேண்டியதில்லை என்றும் 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு தெளிவுபடுத்தியது. எல்லை வகுத்துக்கொள்வது பணியில் ஆர்வமின்மை ஆகாது என்பதற்கு இதுவே சான்று.

மாணவருடன் தனியே செய்தி பரிமாறுவதில் கூடுதல் கவனம் வேண்டும். பள்ளி அறியாத தனி உரையாடல் மாணவர்க்கும் பாதுகாப்பன்று; ஆசிரியர்க்கும் பாதுகாப்பன்று.

சட்டம் நிற்கும் இடம்

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேற்றப்பட்டது. அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. துணைப்பாட நிலையங்கள் போன்ற தனியார் அமைப்புகளை அது கட்டுப்படுத்துகிறது. பொதுத்துறை அமைப்புகளுக்குத் தனி விதிகள் உண்டு. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நடவடிக்கைகளைச் சார்ந்தது. மத்திய, மாநில அரசாங்கங்கள் அதன் வரம்புக்குள் வாரா. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்குடன் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் 2020 ஜனவரி முதல் குற்றமாகக் கொண்டுள்ளது. ஆசிரியரும் இதன் பாதுகாப்புக்கு உரியவரே. எனினும், தீய நோக்கமின்றி, அன்பினால் பகிர்ந்த ஒரு படம் பிள்ளைக்கு உண்டாக்கும் கூச்சத்தைச் சட்டம் அளவிட இயலாது. அங்கே வழிகாட்டுவது தொழிலறம் ஒன்றே.

மாணவர்க்கு ஒரு சொல்

வகுப்பில் பேசும் ஆசிரியரை அவர் அறியாமல் ஒளிப்பதிவு செய்வதும், அவர் முகத்தை ஒட்டுப்படமாக்கிக் குழுவில் உலவவிடுவதும் விளையாட்டாகத் தோன்றலாம். வகுப்பறையில் நீங்கள் செய்த பிழையை ஆசிரியர் வெளியே சொல்லாதிருப்பதுபோல், அங்கே அவர் பேசியதை வெட்டி ஒட்டி வெளியே கொண்டுசெல்லாதிருப்பது உங்கள் கடமை. நம்பிக்கை இரு பக்கமும் காக்கப்பட வேண்டியது.

ஆசிரியப் பெருமக்கள் பதிவு ஒன்றை வெளியிடுமுன் இரண்டு வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும். இச்செய்தி எந்த இடத்தில் என்னிடம் வந்தது? இதில் நான் காணத் தவறிய வேம்பு ஏதேனும் உண்டா? ஐயம் எழுமாயின் வெளியிடாதிருக்கலாம். ஐயமில்லையேல் தயங்காது எழுதுக. நல்ல தமிழைத் தேடி வரும் மாணவர் அங்கே காத்திருக்கின்றனர்.