பாவுக் கணக்கில் ஓர் ஆண்டு

வரும் ஆண்டுக்கான இலக்கு முதலில் ஒரு தொகையாகவோ ஒரு முடிவாகவோதான் மனத்தில் எழுகிறது: இவ்வளவு பணம் சேர்க்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் அது வெறும் ஆசை. அன்றாட வேலையின் அளவுக்கு அதைப் பிரித்து, நடுவில் வரும் தடைகளுக்கும் நாள் ஒதுக்கிய பிறகே அது இலக்கு என்று சொல்லத் தகும். திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியின் பட்டுத் தறி வீடுகளை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மாதச் சம்பளம் கிடையாது; சேலைக்கு இவ்வளவு என்று கூலி. இப்படிப்பட்ட வருமானத்தில் ஓர் ஆண்டைத் திட்டமிடுவது கடினம். ஆனாலும் ஆண்டை அளப்பதற்கு வசதியான ஓர் அலகு அந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் பாவு.

தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டிழைகளின் தொகுதி பாவு. முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ பாவு, குறுக்கே ஓட்டும் ஊடைப் பட்டு, ஜரிகை மூன்றையும் வாங்கி வருவார்கள். பழைய பாவின் இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், பெரும்பாலும் பெண்களின் கைவேலை. ஒரு பாவில் வழக்கமாக மூன்று நான்கு சேலைகள் இறங்கும். எளிய கரை என்றால் ஒரு சேலை சில நாளில் முடியும். ஜக்கார்டு என்ற வடிவமைப்புக் கருவியில் அடர்ந்த வேலைப்பாடு என்றால் பத்துப் பதினைந்து நாளும் ஆகலாம். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும்.

ஒரு கணக்குக்காக, சேலைக்கு ஐந்து நாள், பாவுக்கு மூன்று சேலை, பிணைத்து ஏற்ற மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாவுக்குப் பதினெட்டு நாள். 365 நாளை 18 ஆல் வகுத்தால் இருபது பாவு, அறுபது சேலை. காகிதத்தில் அழகாகவே இருக்கும். நடப்பில் எந்தத் தறியும் அப்படி ஓடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியின் குழிக்குள் நீர் ஊறும். ஈரக்காற்றில் இழை படுத்தும் பாடு வேறு. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை மந்தமாகலாம். பாவு கொடுக்க வேண்டியவர் தாமதப்படுத்துவார். வீட்டில் காய்ச்சல், உறவில் கல்யாணம், சாவு. இவற்றுக்கெல்லாம் சேர்த்து எழுபது நாளைக் கழித்தால் மிஞ்சுவது 295 நாள், அதாவது பதினாறு பாவு. கல்லூரிக் கட்டணத்துக்கு 24,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றால் பாவுக்கு 1,500, சேலைக்கு 500 ரூபாய். இருபது பாவை நம்பி எடுத்து வைத்தவர்கள் ஆண்டு முடிவில் 4,800 ரூபாய்க்குக் கடன் தேடுவார்கள்.

தடைகளை மறந்து கணக்குப் போடுவது நெசவாளர்களுக்கு மட்டும் உரிய குறை அன்று. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதைத் திட்டமிடுதலின் பிழை என்று விவரித்தார்கள். 1994இல் ரோஜர் பியூலரும் உடனாய்வாளர்களும் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன சராசரி 34 நாள். ஆனது ஏறக்குறைய 56 நாள். இந்த முறை மட்டும் எல்லாம் சரியாக நடக்கும் என்ற நினைப்பு படிப்பால் போவதில்லை. போன ஆண்டு எத்தனை பாவு இறங்கியது என்று பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதே நல்ல மருந்து.

இலக்கு குறிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கும் உறுதியான சான்று உண்டு. எட்வின் லாக் 1968இல் முன்வைத்த கருத்து இது: முடிந்தவரை செய் என்பதைவிட, சற்றுக் கடினமான, எண்ணால் குறித்த இலக்கே அதிக வேலை வாங்குகிறது. கேரி லேதமும் ஜேம்ஸ் பால்டெஸும் 1975இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகளில் இதைச் சோதித்தார்கள். சட்டம் அனுமதித்த எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் அதுவரை ஏற்றப்பட்டு வந்தது. 94 விழுக்காடு என்று இலக்கு வைத்ததும் ஏற்றம் 90 விழுக்காட்டை எட்டியது. கூலி கூடவில்லை. (நிர்வாகத்துக்கு இது மிகவும் பிடித்துப்போன ஆய்வு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) சேமிக்க வேண்டும் என்பதற்கும் சேலைக்கு 500 என்பதற்கும் இடையில் இருப்பது இதே வேறுபாடு.

எண்ணைக் குறித்தாலும் செயல் நழுவக்கூடும். எப்போது, எங்கே செய்வது என்று முன்பே முடிவு செய்தவர்கள் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் காட்டினார். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுத மாணவர்களிடம் கேட்கப்பட்டது. நேரத்தையும் இடத்தையும் குறித்தவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே. தறி வீட்டில் அதற்கு இணையான முடிவு, சேலை அறுத்துக் கூலி வாங்கிய அன்றே, வீடு திரும்பும் வழியில் அஞ்சலகத்தில் 500 ரூபாயைப் போடுவது.

பணம் கைக்கு வருமுன்பே பிரிந்துவிட்டால் இன்னும் நல்லது. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கான தமிழக அரசின் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் அந்த வழியில்தான் இயங்குகிறது. கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்தம் செய்து, அரசு தன் பங்கையும் சேர்க்கும். அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும், சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் தானாக உயரும்படி ஒரு திட்டத்தை வகுத்தார்கள். அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 ஆக ஏறியதை 2004இல் வெளியிட்டார்கள். இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்களிடம் திலீப் சோமனும் அமர் சீமாவும் செய்த ஆய்வு ஆரணிக்கு இன்னும் நெருக்கமானது. சேமிப்புப் பணத்தைத் தனி உறையில் போட்டு, உறையின் மேல் அவர்களுடைய பிள்ளைகளின் படத்தை ஒட்டியபோது, உறையைப் பிரித்துச் செலவழிப்பது குறைந்தது. தீபாவளிச் சீட்டும் தானாகச் சேர வைக்கும் வழிதான். ஆனால் நடத்துபவர் ஓடிப்போனால் ஆண்டு முழுக்கச் சேர்த்ததும் போகும். வட மாவட்டங்களில் அது நடந்திருக்கிறது.

திட்டமிடுதலால் ஆகாதவையும் உண்டு. ஜரிகை விலையும் சேலைக் கூலியும் நெசவாளர் கையில் இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராதவரை, கூடுதல் கூலி தரும் வேறு இடத்துக்குப் போகவும் முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் முதல் இலக்கு சேமிப்பாக இருப்பதைவிட முன்பணத்தைக் குறைப்பதாக இருப்பதே பொருத்தம். நெசவாளர்களுக்கான முத்ரா திட்டத்தில் 6 விழுக்காடு வட்டியில் வங்கிக் கடன் கிடைப்பதை இதற்காகக் கேட்டுப் பார்க்கலாம்.

எப்போது தொடங்குவது என்பதில் ஜனவரி 1க்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரிஸ் மூவரும் 2014இல் காட்டியபடி, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்த நாள் எல்லாமே புதிதாகத் தொடங்கும் ஊக்கத்தைத் தருகின்றன. தைப் பிறப்பு, சித்திரை, ஆடிப்பெருக்கு என்று தமிழ் வீடுகளில் அப்படிப்பட்ட நாள்களுக்குப் பஞ்சமில்லை. தறி வீட்டில் ஒவ்வொரு புதுப் பாவும் அப்படி ஒரு நாள்தான். பழைய பாவில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கவும் அதுவே தருணம். புத்தாண்டுத் தீர்மானங்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஜான் நார்கிராஸ் 1988இல் வெளியிட்ட ஆய்வில், வெற்றி பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் நடுவில் ஒரு முறையாவது தவறியிருந்தார்கள். எட்டாவது பாவில் சேர வேண்டிய 12,000க்குப் பதில் 9,000தான் சேர்ந்தது என்றால், மிச்சமுள்ள எட்டுப் பாவுக்கும் 15,000 ரூபாயைப் பிரித்து, பாவுக்கு 1,875 என்று கணக்கை மாற்றலாம். அது தாங்காது என்றால், கட்டணத்தில் ஒரு பகுதிக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்குமா என்று விசாரிக்க இன்னும் ஆறு மாதம் கையில் இருக்கும்.